பெற்றோர் விருப்பத்தின் பேரில்

மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்த பிறகு, உன் கடைசி வாக்கியத்தைப் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்தேன். "விழா அன்னிக்கு மேடையில சும்மா உக்காந்திருங்கம்மா, அது போதும்." முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பில் நின்றபடியே பேசிப் பழகியவளை, உட்காரவும் வேண்டும், பேசவும் கூடாது என்று சொன்னவன் நீ ஒருவன்தான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீ சொன்னபடி நான் செய்யப்போவதில்லை. ஏன் என்பதைப் போனில் சொல்லத் தொடங்கினால், நடுவில் நீ "சரிம்மா, புரியுது" என்பாய், உனக்குப் புரிந்திருக்காது. உன் குரல் கொஞ்சம் கம்மினால் நானும் பாதியில் விட்டுவிடுவேன். கரும்பலகையில் பாதிக் கணக்கில் மணி அடித்துவிட்டால், மறுநாள் அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்துதான் போட வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். ஓரிடத்தில் உட்கார்ந்து முழுதாகப் படி.

நம் கல்வி மாவட்டத்துப் பள்ளிகளில் படித்துப் பெயர் வாங்கியவர்களுக்கு ஒரு சாதனையாளர் கூடம் அமைக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் பட்டியலைக் கொடுக்க வேண்டும். இடம் நம் பள்ளியின் பழைய தேர்வுக்கூடம். நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய அதே கூடம்தான். தேக்குத் தூண்களுக்கு மெருகேற்றி, உடைந்த ஓடுகளை மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, ஆளே தெரியாமல் மாற்றிவிட்டார்கள். நம் பள்ளியின் தேர்வுக் குழுவில் இப்போதைய தலைமையாசிரியர், முன்னாள் மாணவர் சங்கத் தலைவர், அலுவலக எழுத்தர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில் நான், ஆக நான்கு பேர். உன் பெயரை நான் சொல்லவில்லை. நான் வாய் திறக்கும் முன்பே சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். கடலுக்குள் பாலத்துக்குத் தூண் இறக்கும் பொறியாளர் நம் பள்ளியில் படித்தவர்களில் வேறு யார்? உன் படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் பார்த்துவிட்டார்கள். மஞ்சள் தலைக்கவசத்தோடு நீ, பின்னால் கடல். அதன் முன்னால் நின்றபோது பெருமையாகத்தான் இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

என் பங்குக்கு நான் சொன்ன பெயர் செல்வி. உன்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள், பெண்கள் கபடி அணியின் தலைவி. நம் பள்ளியிலிருந்து போன பிறகு வேறோர் ஊரில் பத்தாவது எழுதி, கபடியாலேயே ரயில்வேயில் வேலை வாங்கி, முழங்கால் கெட்டபின் நடுவர் தேர்வு எழுதி, இன்று வெளிநாட்டுப் போட்டிகளிலும் விசில் ஊதுகிறாள். தலைமையாசிரியருக்கு அவளைத் தெரியவில்லை. நல்ல மனிதர், வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நான் அவரைக் கூடத்தின் மூலையிலிருந்த கண்ணாடி அலமாரிக்கு அழைத்துப் போய், அதிலிருந்த கோப்பையையும் பக்கத்திலிருந்த படத்தையும் காட்டினேன். படத்தில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் செல்வி. கீழே "வெற்றி பெற்ற பள்ளி அணி" என்று எழுதியிருக்கிறது. ஒருத்தி பெயரும் இல்லை.

எழுத்தர் சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். "விதிப்படி பத்தாம் வகுப்பு இங்க முடிச்சிருக்கணும் டீச்சர். இந்தப் பொண்ணு ஒம்பதாவதோட போயிருச்சே" என்றார். சங்கத் தலைவர் எட்டிப் பார்த்தார். அவரை உனக்குத் தெரியும், பேருந்து நிலையத்துக்கு எதிரே இரும்புக் கடை. "கப் வாங்கிக் குடுத்துச்சு, இல்லேங்கல. ஆனா அவுக ஆத்தாவே வந்து டி.சி. கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காகளே, அதுக்கு நாம என்ன செய்யிறது? பெத்தவுகளே வேணாம்னுட்டாக" என்றார். பதிவேட்டில் விலகியதற்கான காரணம் என்ற கட்டத்தில் "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று இருந்தது. அந்த எழுத்தை நீ பார்த்தால் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்வாய். உன் விடுமுறைக் கடிதங்கள் எல்லாவற்றிலும் இருந்த எழுத்து. என் எழுத்து.

அன்று நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்று வந்துவிட்டேன்.  அந்த வாரம் நீ இரண்டு தடவை போனில் பேசி, என் குரலுக்கு என்ன என்று கேட்டாய், இரண்டு தடவையும் வெயில் அதிகம் என்றேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நீ ஒன்பதாவது படித்த வருடம் நான்தான் உன் வகுப்பாசிரியை. நம் பள்ளி பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டி வந்த காலம் அது. வாசலில் ஒவ்வொரு ஆண்டும் பெரிய தட்டி வைப்பார்கள். அந்த நூறு எப்படி வருகிறது என்று வெளியில் யாரும் கேட்டதில்லை. உள்ளே எங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு முடியும் முன் அப்போதைய தலைமையாசிரியர், பத்தாவதில் தேற மாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களின் பெயரைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுப்பார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து நாங்கள் பேச வேண்டும். இங்கேயே இருந்தால் ஒன்பதாவதிலேயே நிறுத்திவைப்போம். நீங்களாக மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்தால் தேர்ச்சி என்று போட்டுத் தருவோம், வேறு பள்ளியில் பத்தாவதில் சேர்த்துக்கொள்ளலாம். இதுதான் பேச்சு. எழுதிக் கொடுக்காத பெற்றோர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அந்த வருடப் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள். செல்வி பெயர் நான்காவது. மேட்ச், பயிற்சி என்று அலைந்ததில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் அவள் பின்தங்கியிருந்தாள். மேட்சுக்கு அனுப்பியதும் நாங்கள்தான். ஏழாவது பெயர் உன்னுடையது.

ஆமாம், உன்னுடையதுதான். மஞ்சள்காமாலையில் நீ இரண்டு மாதம் படுத்திருந்தாய். அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடத்தில் போயிற்று. அந்தத் தாளை வாங்கிப் பார்த்ததும் அவர் மேசை முன்னாலேயே நின்றுவிட்டேன். "சார், இவன் என் பையன். உடம்பு சரியில்லாமப் போனதுதான். நான் பொறுப்பு. தினம் ராத்திரி உக்காத்தி வச்சுப் படிக்க வைக்கிறேன்" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்து உன் பெயரை அழித்தார். தாளில் கிடந்த ரப்பர் துகளை நான்தான் வாயால் ஊதிவிட்டேன். செல்வியையும் நான் பார்த்துக்கொள்கிறேன் சார் என்ற வார்த்தை என் வாய் வரை வந்தது. இன்னொரு பெயருக்கும் கேட்டால் அவர் மனம் மாறி, அழித்ததை மறுபடி எழுதிவிடுவாரோ என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன். பதினொரு பெயரோடு அந்தத் தாளை மடித்து வெளியே எடுத்து வந்தேன்.

கோட்டையூரில் இருக்கும் செல்வியின் அம்மா பாண்டியம்மாளை நீ பார்த்திருக்கலாம். கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் இரண்டு பெரிய வீடுகளின் சாவி அவரிடம்தான். வாரம் ஒருமுறை திறந்து, ஜன்னலெல்லாம் காற்றாட விட்டு, கூட்டிப் பூட்டுவார். வெளியூரில் இருக்கும் உரிமையாளர்கள் அங்கே கல்யாணம் வைத்தால் பத்து நாள் முன்னதாகவே வீட்டைக் கழுவிவிட வேண்டும். அப்படி ஒரு கல்யாண வேலைக்கு நடுவில்தான் நான் கூப்பிட்டனுப்பி வந்தார், இடுப்பில் சாவிக்கொத்தோடு. நான் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். என் பொறுமையைத்தான் ஊரில் எல்லோரும் புகழ்வார்களே! கடிதத்தை நானே எழுதி, கையெழுத்துப் போட இடம் காட்டினேன். "என்ன டீச்சர் எழுதியிருக்கீக, படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்ற இடத்தில் நிறுத்தினார்.

"நான் விரும்பலையே டீச்சர்?"

"அது சும்மா எழுதுறதும்மா. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம்."

அவர் ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது நான் இன்னொன்றும் சொன்னேன். "செல்விகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க. புள்ளைக்கு மனசு ஒடைஞ்சிரும்." அக்கறையோடுதான் சொன்னேன். அந்த அக்கறைதான் பெரிய கெடுதலைச் செய்தது.

பள்ளி திறந்த அன்று மாலை நீ சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாய், "செல்வி ஏம்மா வரல?" நான் குழம்பு ஊற்றிக்கொண்டே, "அவ அம்மா நிப்பாட்டிட்டாங்கப்பா" என்றேன். "கால்சட்டை போட்டுக் கபடி ஆடுறான்னு தெருவுல பேசிக்கிட்டாங்கள்ல, அதுக்குத்தான் இருக்கும்" என்று நீயாக ஒரு காரணம் சொன்னாய். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டேன். மறுநாள் நீ அதை வகுப்பில் சொல்லியிருப்பாய். வகுப்பு ஊருக்குச் சொல்லியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம், "அவங்க அம்மாவே நிப்பாட்டினாங்க, ஊருக்கே தெரியும், நீங்க எதுக்கு இழுத்துப் போட்டுக்கிறீங்க?" என்று கேட்டாயே, ஊருக்கே தெரிந்த அந்தக் கதை நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கிளம்பியது. உன் அப்பாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. அவர் தெரியாமலேயே போய்விட்டார்.

உனக்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. ஒரு முறை காலாண்டு விடைத்தாளில் கூட்டல் பிழையாகி ஒரு பையனுக்கு ஒரு மதிப்பெண் குறைந்துவிட்டது. விடுமுறையில் அதைக் கண்டுபிடித்து, அவன் வீடு கானாடுகாத்தானில் என்று விசாரித்து, பஸ் ஏறிப் போய்த் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். தவறு தெரிந்தால் தேடிப் போய்த் திருத்த வேண்டும் என்பதற்கு அதைத்தான் வகுப்புக்கு வகுப்பு சொன்னேன். எத்தனை பிள்ளைகள் அதைக் கேட்டு என்னை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்! ஒரு மதிப்பெண்ணுக்குக் கானாடுகாத்தான் வரை போனவள், பதினொரு பிள்ளைகளுக்குக் கோட்டையூர் வரைகூடப் போகவில்லை. இனிமேல் யாரிடமும் அந்த உதாரணத்தைச் சொல்ல மாட்டேன். நீயும் உன் மகளிடம் சொல்லாதே.

இரண்டாவது கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயர் அழிக்கப்பட்டது உட்பட. எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். தலைமையாசிரியர் நெற்றியைத் தேய்த்தபடி, "டீச்சர், இதை இப்ப கிளப்பினா அந்த வருச நூத்துக்கு நூறு என்னாகும்?" என்றார். "அது அன்னிக்கே நூறு இல்லை சார், பதினொண்ணைக் கழிச்சுட்டு எண்ணினது" என்றேன். சங்கத் தலைவர் விடவில்லை.

"டீச்சர், பந்தியில எல்லாரும் உக்காந்தாச்சு, எலை போட்டாச்சு. இப்பப் போயி அடுப்படியில எலி ஓடுச்சுங்கிறீகளே!"

"ஓடுச்சே. நான் பார்த்தேனே."

"அதுக்குச் சொல்லல. ஒங்க மகன் படமும் அந்தச் சொவத்துலதான் இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுத்தான் பேசுறேன். அந்தக் கப்பை வச்சுக்குவீங்கன்னா, அதை வாங்கின புள்ளையையும் வச்சுக்கங்க. புள்ள வேணாம்னா, கப்பைத் துணியில சுத்திக் கொடுங்க. நானே கொண்டுபோய்க் கோட்டையூர்ல கொடுத்துட்டு வாரேன்."

அவர் அன்று மாலையே உனக்குப் போன் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதனால்தான் நீ ஞாயிற்றுக்கிழமை பேசினாய். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கூடத்துக்காக வீடு வீடாக அலைந்தவர். தன் விழா கெட்டுவிடும் என்று பயப்படுகிறார். பயந்தவர்கள் எல்லோரையும் எனக்குப் புரியும். நானும் ஒரு ரப்பர் துண்டைப் பார்த்துப் பயந்தவள்தான்.

கூட்டத்துக்கு மறுநாள் டவுன் பஸ்ஸில் கோட்டையூர் போனேன். செல்வி விடுப்பில் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாண்டியம்மாள்தான் கதவைத் திறந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. சாவிக்கொத்து மட்டும் அதே இடுப்பில். "அடி ஆத்தி, டீச்சரா! வெயில்ல நிக்காதீக, இங்குட்டு வாங்க. செல்வி, யாரு வந்திருக்காகன்னு பாரு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். செல்வி வந்து கைகூப்பினாள். உயரமாக, நிமிர்ந்து, குட்டை முடியோடு இருக்கிறாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு எதிரே உட்கார்ந்தாள். நான் எழுதிக்கொண்டு போயிருந்த வாக்குமூலத்தை எடுத்துப் படித்தேன். பாதியில் பாண்டியம்மாள், "அதெல்லாம் எதுக்கு டீச்சர் இப்ப, காப்பியக் குடிங்க" என்று தடுத்தார். செல்வி கையை மட்டும் உயர்த்தினாள். மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்துகிற கை அது. பாண்டியம்மாளே பேசாமல் உட்கார்ந்துவிட்டார். முழுதும் படித்து முடித்தேன்.

செல்வி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"நீ ஏன் இதச் சொல்லல?"

"டீச்சர் சொல்லக்கூடாதுன்னாக. ஒனக்கு மனசு ஒடைஞ்சிரும்னாக."

"எனக்கு ஒம்மேலதான ஒடைஞ்சது! கால்சட்டை போட்டு ஆடுறேன்னுதான நீ நிப்பாட்டினேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வேலைக்குப் போயி மூணு தீவாளிக்கு நான் வீட்டுக்கே வரலையே."

"தெரியும்டி. போனாப் போகுதுன்னுதான் விட்டேன். எம்மேல ஒடைஞ்சா நீ வீம்புக்காவது எந்திரிச்சு ஓடுவ. பள்ளிக்கூடத்துமேல ஒடைஞ்சிருந்தா நீ அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்கு எப்புடிப் போயிருப்ப?"

நான் கல்வியியல் பட்டம் வாங்கியவள் மகனே. பிள்ளைகளின் மனம் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவள். ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்ட அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் தன் மகளின் கோபத்தைத் தன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவளைப் பத்தாவது படிக்க வைத்தார். அவர் வாங்கிக்கொண்டது என் பங்கு.

அப்புறம் சாதனையாளர் கூடத்தைப் பற்றிச் சொன்னேன். செல்வி படத்தை மாட்டச் சொல்லிப் போராடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பாண்டியம்மாளுக்குப் பிடிக்கவே இல்லை. "எம்மக உசுரோட கல்லாட்டம் இருக்கா, அவ படத்த எதுக்குச் சொவத்துல மாட்டுறீக? நான் தூசி தட்டுற வீட்டுலெல்லாம் சொவத்துல இருக்கவுக பூரா செத்தவுக" என்றார். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். "ஒங்க மகன் படமுமா மாட்டியிருக்காக? சுத்திப் போடுங்க டீச்சர்" என்றார். உனக்காக நிஜமாகவே கவலைப்பட்டார்.

சிரிப்பு அடங்கியதும் செல்வி பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சுவரு எனக்கு வேணும்னு இல்ல டீச்சர். நாங்க விசில் தப்பா அடிச்சுட்டா, கையக் காட்டி சாரின்னு சொன்னாப் போதாது. ஆட்டத்த நிப்பாட்டி, மேசைக்குப் போயி, ஷீட்ல ஸ்கோர மாத்தச் சொல்லணும். கூட்டம் ஊளையிடும். பரவாயில்லன்னு மாத்தணும். ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ஷீட்டுதான் இருக்கும். எங்கம்மா விரும்புனதா அந்தப் புக்குல இருக்குல்ல, அத மாத்துங்க." பிறகு, "மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லல டீச்சர். அதுக்கு இன்னும் நாளாகும்" என்றாள். சரி என்றேன். அவள் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குள் ஒரு கேள்வி ஏறி உட்கார்ந்துகொண்டது. செல்வி நடுவராகாமல், ஊரில் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அவளை எனக்கு நினைவு வந்திருக்குமா? வந்திருக்காது. மற்ற பத்துப் பேரை இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு முறையும் தேடவில்லை. ஆகவே செல்விக்கு மட்டும் திருத்தினால் போதாது. அவள் பெயர் வாங்கினாள் என்பதற்காகத் திருத்துவதும் இன்னொரு பட்டியல் போடுவதுதான். பதினொரு பேருக்கும் அந்தக் கட்டத்தில் "பள்ளியின் முடிவின் பேரில்" என்று மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் இன்று என்னவாக இருக்கிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. யாரும் கேட்கக் கூடாது.

நீ கேட்பாய், "இப்ப மாத்தி என்னம்மா ஆகப்போகுது?" அதற்கு உன்னிடமிருந்தே ஓர் உதாரணம் எடுத்துத் தருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலுக்கடியில் ஒரு தூணின் கான்கிரீட் சரியாக இறங்கவில்லை என்று நீ கண்டுபிடித்தாய். மேலே எதுவும் தெரியாது, தண்ணீர் மூடியிருக்கிறது, யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார்கள். நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாய். தூணை உடைத்து மறுபடி போட்டீர்கள். உன் மேலதிகாரி மூன்று மாதம் உன்னோடு பேசவில்லை. அன்று நீ போனில் அழுதாய், நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "நீ செஞ்சதுதான் சரி. பேசாட்டிப் போறாரு" என்றேன். அதே வார்த்தையை இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சங்கத் தலைவர் பேசாவிட்டால் போகிறார். நீ பேசாவிட்டால் மட்டும்தான் எனக்குக் கஷ்டம். அப்படியும் மாற மாட்டேன்.

உன் படத்தை இறக்கச் சொல்லவில்லை. அந்தத் தூண்களை இறக்கியவன் நீ. அதை யாரும் உனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பெஞ்சில் உட்காரும் வாய்ப்பை ஒருவர் உனக்குக் கொடுத்தார். உன் அம்மா ஆசிரியர் அறையில் இருந்தாள் என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுத்தார். செல்வியின் அம்மா அந்த நேரத்தில் கண்டனூரில் யாருடைய கல்யாணத்துக்கோ தரை கழுவிக்கொண்டிருந்தார். இது தெரிந்தால் உன் சாதனை சிறுத்துவிடும் என்று நீ நினைத்தால், நான் உன்னைச் சரியாக வளர்க்கவில்லை. அப்படி நினைக்க மாட்டாய் என்றுதான் இன்னமும் நம்புகிறேன். நம்பாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது நான் கேட்கப்போவதைக் கவனமாகப் படி. கல்வி அலுவலகத்தில் விசாரித்தேன். பதிவேட்டில் பழைய பதிவைத் திருத்த வேண்டுமானால், எழுதியவரே எழுத்து மூலம் கேட்க வேண்டும். விவரம் நேரில் அறிந்த இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பட்டியல் எழுதிய தலைமையாசிரியர் இறந்துவிட்டார். அந்தத் தாள் என்னிடம் இல்லை. பதினொரு பேரும் போனபின் நானே கிழித்துப் போட்டேன். முதல் சாட்சியாகப் பாண்டியம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டார். "இது நான் விரும்பிப் போடுறது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போட்டார், அதே போல ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு. இரண்டாம் சாட்சியாக இருக்கக்கூடியவன் நீ ஒருவன்தான். அந்த அரையாண்டில் மூன்று பாடத்தில் போனவன் நீ. தோற்ற பிறகும் எப்படி அதே பள்ளியில் பத்தாவதுக்குப் போனாய் என்று இப்போது அறிந்தவனும் நீ. செல்வி ஏன் வரவில்லை என்று கேட்டு, என் வாயால் பொய்யைக் கேட்டவனும் நீ. இவ்வளவையும் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

நீ வராவிட்டாலும் விழா நடக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் சார்பில் இரண்டு வார்த்தை பேச என் பெயரையும் அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள்; அச்சடித்துக் கொடுத்தும் ஆயிற்று. என்னை உட்காரவைத்து அனுப்பிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். பதிவேடு அதற்குள் திருத்தப்படாவிட்டால், பதினொரு பெயரையும் அந்த மேடையில் வருகை எடுப்பது போல ஒவ்வொன்றாகக் கூப்பிடுவேன். யார் எழுந்து நின்றாலும் நிற்காவிட்டாலும் கூப்பிடுவேன். என் குரல் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும் என்பது உனக்குத் தெரியும். மைக்கை நிறுத்தினாலும் கேட்கும்.

விழாவுக்கு முந்தின நாள் காலை ரயிலில் வந்துவிடு. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டபின் பள்ளி அலுவலகத்துக்குச் சேர்ந்து போவோம். எழுத்தர் பத்து மணிக்குப் பதிவேட்டை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பாண்டியம்மாளின் கையெழுத்துக்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். கறுப்பு மைப் பேனா கொண்டு வா, அலுவலகத்தில் நீலத்தை ஏற்க மாட்டார்கள். பென்சில் எதுவும் வேண்டாம்.

உன் அம்மா